கையை உயர்த்த வேண்டிய நேரம்

துறைமுக வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக எதையாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். தெம்பு கொடுக்கிற மாதிரி இருக்கட்டும் என்றும் கூடவே சொன்னார்கள். தெம்புக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது ஒரே ஒரு விஷயம். சரக்கில் அதை முப்பது வருடம் தவறாமல் கடைப்பிடித்தேன். என் சொந்த விஷயத்தில் கோட்டைவிட்டேன். அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் எண்ணுகிறவன். டாலி கிளார்க் என்பது பதவியின் பெயர். கப்பலில் ஏறுகிற மூட்டை, இறங்குகிற மூட்டை, கன்டெய்னருக்குள் அடுக்குகிற பெட்டி எல்லாவற்றையும் எண்ணிக் கையெழுத்துப் போடுவதுதான் வேலை. வேலை பழக்கமாகி, பழக்கம் வியாதியாகிவிட்டது. சபையில் பிரசங்கம் நடக்கும்போது மின்விசிறிகளை எண்ணுவேன். பந்தியில் இலைகளை எண்ணுவேன். என் மனைவி இதைப் பற்றி என்ன சொல்வாள் என்பது இங்கே வேண்டாம்.

இப்போது உங்கள் கையில் உள்ள கருவி படம் பிடித்தே எண்ணிவிடுகிறது. நான் சேர்ந்த காலத்தில் மூட்டைகள் கயிற்று வலையில் கட்டுக்கட்டாகத் தொங்கியபடி கப்பலுக்குள் இறங்கும். அந்தக் கட்டை சிலிங் என்போம். கரைத் தரப்பில் ஒருவர் எண்ணுவார், கப்பல் தரப்பில் ஒருவர் எண்ணுவார். இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும். போகவில்லை என்றால் கையை உயர்த்த வேண்டும். கை உயர்ந்தால் கிரேன் நிற்கும். எப்போது உயர்த்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சந்தேகம் வந்த சிலிங் மேலாகக் கிடக்கும்போதே உயர்த்தினால், ஆள் இறங்கித் திரும்ப எண்ணிவிடலாம். வெட்கப்பட்டுக்கொண்டு இருந்து, அடுத்த சிலிங் அதன் மேல் இறங்கிவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு சொல்வது உண்மையாகவே இருந்தாலும் அது சண்டைதான். அடியில் கிடப்பதை யாரும் தோண்டிப் பார்க்கப் போவதில்லை.

உயர்த்த வெட்கமாகத்தான் இருக்கும். கிரேன்காரர் முறைப்பார். சுமைதூக்குகிறவர்கள் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நம் தாயாரை விசாரிப்பார்கள். இருந்தாலும் உயர்த்த வேண்டும்.

என்னை வேலையைவிட்டு அனுப்பியபோது எனக்கு ஐம்பத்தாறு வயது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அது இப்போது வேறு பெயரில் இருக்கிறது. கிளை மேலாளராக இருந்தவர் நாற்பதைத் தாண்டாதவர். எட்டயபுரம் பக்கத்துப் பிள்ளைதான், ஆனால் அலுவலகத்தில் ஒரு தமிழ் வார்த்தை பேசமாட்டார். கருவியில் எண்ணும் முறையைப் புதியவர்களுக்குப் பழக்கிக் கொடுக்கச் சொன்னார். மூன்று பேருக்குப் பழக்கினேன். மூன்றாவது ஆள் தேறிய வாரத்தில் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கணினித் திரையில் ஒரு பெண் இருந்தாள். எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியவில்லை. அவள் ஆங்கிலத்தில் நீளமாகப் பேசினாள். மேலாளர் மேசையில் இருந்த காகித எடையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். அவள் முடித்ததும், இதை நீங்கள் தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்ளக்கூடாது என்றார், அதையும் ஆங்கிலத்தில். பிறகு எப்படி எடுத்துக்கொள்வது என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்குப் பிற்பகல் கேக் வெட்டினார்கள். ஓய்வு வாழ்த்துகள் என்று அதில் எழுதியிருந்தது. பொன்னாடை போட்டுப் படம் எடுத்தார்கள். அது முடிந்ததும் என் நுழைவுச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

உங்கள் கழுத்தில் தொங்குகிறதே, அதைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். உங்கள் பெயர் மேலே இருக்கும், நிறுவனத்தின் பெயர் கீழே இருக்கும். கீழே இருக்கிற பெயர் போனால் மேலே இருக்கிற பெயருக்குக் கதவு திறக்காது. விட்டுப்போன கண்ணாடியை எடுக்க மறுநாள் போனேன். தினமும் எனக்குத் தலையசைக்கிற காவலர் அன்றும் தலையசைத்தார், ஆனால் பக்கவாட்டில். கண்ணாடியை யாரோ ஒரு டிரைவரிடம் கொடுத்தனுப்பினார்கள்.

இதுவரை நடந்தது மற்றவர்கள் செய்தது. இனி நான் செய்தது.

அடுத்த வாரம், சுங்கத்தில் சரக்கை விடுவித்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஏஜென்ட் வீட்டுக் கல்யாணம். இந்த ஊரில் கப்பல் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போயாக வேண்டும். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று பேச்சு வரும். மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். கை கழுவுகிற இடத்தில் எனக்கு வெகுகாலம் பழக்கமான ஒரு ஏஜென்ட் நின்றார். சொந்தத் தொழில் நடத்துகிறவர், நல்ல மனிதர். குழாயை மூடியபடியே, "என்ன வே, ரிட்டயர்டு ஆயிட்டீராமே, போட்டோ பார்த்தேன்" என்றார்.

ஓய்வு என்ற வார்த்தை எனக்குக் கசந்தது. இன்னும் பத்து வருடம் உழைக்கிற உடம்பு என்னுடையது. அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. பின்னால் நாலு பேர் கை கழுவக் காத்துக்கொண்டிருந்தார்கள். "ரிட்டயர்டு எல்லாம் இல்ல. நானா விட்டுட்டேன்" என்றேன்.

அந்த இடத்தில் கையை உயர்த்தியிருக்க வேண்டும். சிலிங் மேலாகத்தான் கிடந்தது. இல்லை, தப்பாகச் சொல்லிவிட்டேன், அனுப்பிவிட்டார்கள் என்று அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல ஒரு நிமிடம் போதும். சொல்லவில்லை. பிரியாணிப் பந்தியில் இன்னொருவர், விட்டுவிட்டு என்ன செய்யப் போகிறீர் என்று கேட்டார். சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்று யோசிக்கிறேன் என்றேன். அதுதான் அடுத்த சிலிங்.

பேருந்தில் வரும்போது மனைவி மெதுவாகக் கேட்டாள்: "ஏன் அப்படிச் சொன்னிய?"

"வேற என்ன சொல்லச் சொல்லுத?"

"நடந்ததைச் சொன்னா என்ன? நீங்க என்ன களவா செஞ்சிய?"

நான் சன்னல் பக்கம் திரும்பி மின்கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

பிறகு வேலை தேடினேன். எனக்குத் தெரிந்த அலுவலகங்கள் பதினேழு, பதினேழுக்கும் போனேன். எல்லா இடத்திலும் காப்பி கொடுத்தார்கள். இருக்கைதான் கொடுக்கவில்லை. வயது காரணம் என்று நினைத்து மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டேன். என்னைவிட மூத்தவர் ஒருவரை ஒரு அலுவலகத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்று தெரிந்த பிறகு சாயத்தை விட்டுவிட்டேன்.

காரணம் மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கை கழுவிய இடத்தில் பேசிய அதே ஏஜென்டை அஞ்சலகத்தில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் சிரித்தார், ஆனால் வாய் மட்டும்தான் சிரித்தது. "கம்பெனி திறப்பு விழாவுக்கு எங்களை எல்லாம் கூப்பிடமாட்டீரோ?" என்றார்.

நிற்கவைத்து விசாரித்தேன். ஐம்பத்தாறு வயதில் அடுத்த நாற்காலி கையில் இல்லாமல் ஒருவன் தானாக வேலையை விடுகிறான் என்றால், இந்த ஊரில் அதற்கு இரண்டு அர்த்தம்தான் சொல்வார்கள். எதிலோ மாட்டிக்கொள்ளுமுன் கழன்றுகொண்டான். இல்லாவிட்டால் பழைய வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டு தனிக்கடை போடப் போகிறான். இப்படிப்பட்டவனை உள்ளே விட்டுத் தன் வாடிக்கையாளர் யார் யார் என்று யார் காட்டுவார்கள்? நான் வேலை கேட்டுப் போன ஒவ்வொரு இடத்திலும் வேவு பார்க்க வந்திருக்கிறான் என்று நினைத்துத்தான் காப்பி கொடுத்திருக்கிறார்கள்.

"அப்படி ஒண்ணும் இல்ல. அவங்கதான் என்னைய அனுப்பிட்டாங்க" என்றேன்.

அவர் என் தோளைத் தட்டினார். "வே, யார்கிட்ட? நீரே சொன்னீரே, என் காதால கேட்டேனே. நடத்தும், நடத்தும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். உண்மையைச் சொன்னேன், சண்டைக்காரனாகிவிட்டேன். அந்தக் கல்யாண சமயத்தில் அந்த மனிதருக்கே ஒரு ஆள் தேவைப்பட்டது என்பதும், முதல் வாரமே கேட்டிருந்தால் என்னைத்தான் வைத்திருப்பார் என்பதும் எனக்குப் பின்னால் தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம்.

வீட்டில் அப்போது எங்கள் இருவருக்குள் பேச்சு குறைந்துவிட்டது. ஒருநாள் மீன் வாங்கிவிட்டு வந்த மனைவி கூடையை இறக்கிவைத்தபடி, பழைய துறைமுகத்தில் தோணி வைத்திருக்கிற ஒரு அம்மா மூட்டை எண்ண ஆள் தேடுகிறாள் என்று சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. புதிய துறைமுகத்தில் நான் கையெழுத்துப் போட்டால் வெளிநாட்டு வங்கி ஏற்றுக்கொள்ளும். தோணி என்பது மரக்கலம். இங்கிருந்து வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போவது. அங்கே எண்ணுவது மீசை முளைக்கிற வயதில் செய்கிற வேலை. ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டுப் போனேன். வேறு வழி இல்லை என்பதைத் தவிர இதில் பெருமை ஒன்றும் இல்லை.

அந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். கணவர் இறந்த பிறகு இரண்டு தோணிகளையும் அவரே நடத்தினார். சரக்கு வைக்கிற கிட்டங்கியின் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில், கழுத்தில் செபமாலையும் கையில் போனுமாக உட்கார்ந்திருந்தார். என் அனுபவத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும் அண்ணாச்சி. நீரா விட்டீரா, அவங்க அனுப்புனாங்களா?"

மறுபடியும் அதே குழாயடியில் நிற்கிறமாதிரி இருந்தது. "அனுப்பிட்டாங்க" என்றேன்.

"அப்பம் சரி. நாளைக்கு வாரும். தானா விட்டேன்னு சொல்லுதவனை நான் சேர்க்கமாட்டேன். அவன் பொய் சொல்லுதான், இல்லன்னா என்னையும் விட்டுட்டுப் போவான்."

இப்படித்தான் எனக்கு இரண்டாவது வேலை கிடைத்தது. நாலு வருடம் இருந்தேன். அங்கே நடந்தது ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒருநாள் வெங்காயம் ஏறிக்கொண்டிருந்தது. மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. கரைக்கும் தோணிக்கும் நடுவே போட்டிருக்கிற பலகை வழியாக ஆட்கள் மூட்டையைச் சுமந்துபோவார்கள். நான் பலகையின் தலைமாட்டில் நின்று எண்ணுவேன். மழைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று தோணியின் தண்டல், அதாவது அதை ஓட்டுகிறவர், பின்பக்கம் இன்னொரு பலகையைப் போட்டுவிட்டார். நல்ல எண்ணம்தான். ஆனால் எண்ணுகிறவன் ஒருவன், பலகை இரண்டு. என் கணக்கில் வராத மூட்டைகள் உள்ளே போகின்றன என்று தெரிந்ததும் கையை உயர்த்தினேன்.

"போச்சு, அண்ணாச்சி கையைத் தூக்கிட்டாரு. இனி மழை பெஞ்சு வெறிச்சாத்தான் இறக்குவாரு" என்றார் தண்டல். எல்லோரும் சிரித்தார்கள். முதல் துளி என் கண்ணாடியில் விழுந்தது. அந்த அம்மா நாற்காலியைவிட்டு எழுந்து வந்து, அவர் கை இறங்குகிறவரை ஒரு மூட்டையும் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவது பலகையை எடுக்கச் சொன்னேன். மேலடுக்கைத் திரும்ப எண்ணினேன். பதினான்கு மூட்டை விட்டுப்போயிருந்தது. எண்ணி முடிப்பதற்குள் கரையில் இருந்த மூட்டைகள் கொஞ்சம் நனைந்தன. மாலையில் அதே அம்மா, நனைந்ததற்கு யார் பதில் சொல்வது, பலகை போடும்போதே உமக்குக் கண் தெரியவில்லையா என்று என்னைப் பிடித்து உலுக்கி எடுத்தார். கையை உயர்த்தியதற்காக யாரும் உங்களுக்கு மாலை போடமாட்டார்கள். எதிர்பார்க்காதீர்கள்.

நாலாம் வருடம், ஒரு மத்தியானம், கிட்டங்கி வாசலில் ஒருவர் வந்து நின்றார். உள்ளே வராமல் வெயிலிலேயே நின்றார். என்னை அனுப்பிய மேலாளர். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. கழுத்தில் சீட்டு இல்லை. எங்கள் தொழிலில் இருக்கிறவனுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும்.

"நல்லா இருக்கீயளா அண்ணாச்சி?" என்றார். அலுவலகத்தில் இருந்த வருடங்களில் அவர் வாயிலிருந்து நான் கேட்காத எங்கள் ஊர்ப் பேச்சு அப்போது வந்தது. டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். சுங்கத்துக்கு எல்லாவற்றையும் கணினியில் அனுப்ப வேண்டியிருக்கிறதாமே, தோணிக்காரர்களுக்கு அதற்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டேன், அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்றார். அவருடைய பழைய வேலை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"நானா விட்டுட்டேன் அண்ணாச்சி. சொந்தமா ஏதாவது பண்ணலாம்னு ஒரு யோசனை."

வார்த்தை மாறாமல் நான் சொன்னதே. யாரோ என் வாயை இரவல் வாங்கிக்கொண்டு வந்தமாதிரி இருந்தது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் ஒன்றும் பேசாமல் அவரை அந்த அம்மாவிடம் கூட்டிப்போனால் போதும். அவர் இதையே சொல்வார். அந்த அம்மா நாளைக்குப் பார்க்கலாம் என்று அனுப்பிவிடுவார். அந்த நாளை வராது. என் பக்கத்தில் பொய் இருக்காது, துரோகமும் இருக்காது. இன்னொன்றும் இருந்தது. மாலத்தீவுச் சரக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கன்டெய்னருக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கிட்டங்கியில் இரண்டு சம்பளத்துக்கு வேலை இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். கணினி தெரிந்தவர் வந்தால் எண்ணிக்கையையும் அவரே பார்த்துக்கொள்வார். கேக்கையும் பொன்னாடையையும் திருப்பித் திருப்பி வைத்த அந்தக் காகித எடையையும் நான் மறக்கவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

நல்ல மனதால் சொன்னேன் என்று எழுதமாட்டேன். எண்ணிக்கை தப்புகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தால் என் கை தானாக மேலே போகும். அவ்வளவுதான். முப்பது வருடப் பழக்கம்.

"அந்த அம்மாகிட்ட அப்படிச் சொல்லாதேயும்" என்றேன்.

"வேற என்ன சொல்ல?"

"அனுப்பிட்டாங்கன்னு சொல்லும்."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "வீட்டுல கூட இன்னும் சொல்லல அண்ணாச்சி" என்றார்.

போய் அந்த அம்மாவிடம் சொன்னார். நான் பக்கத்தில் இல்லை, பலகையடியில் நின்றேன். மறுநாள் முதல் கிட்டங்கிக்குள் ஒரு மேசையும் கணினியும் வந்தன.

ஐந்து மாதம் போயிருக்கும். காலையில் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். "இரும் அண்ணாச்சி" என்று இன்னொரு நாற்காலியைக் காட்டினார். நாலு வருடத்தில் எனக்கு நாற்காலி காட்டியதில்லை. உட்காரும்போதே தெரிந்துவிட்டது.

"ஒரு தோணியை விக்கப் போறேன். ரெண்டு பேரை வச்சிருக்க முடியாது. உம்மை அனுப்புதேன்."

நான் தலையாட்டினேன்.

"யார் கேட்டாலும் நான்தான் அனுப்புனேன்னு சொல்லும். எங்கிட்ட கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன். உம்ம கணக்குல ஒரு குறையும் இல்ல. அதையும் சொல்லுவேன்."

முகத்துக்கு நேரே சொன்னால் வலி குறையும் என்பார்கள். குறையவில்லை. கேக் இல்லாததால் சீக்கிரம் முடிந்தது, அதுதான் வித்தியாசம். உள்ளே விசைப்பலகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பழைய மேலாளர் வெளியே வரவில்லை. வந்திருந்தால் நான் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கும் தெரியாது. நல்லதாக இருந்திருக்காது. அவர் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார் என்று கேள்வி. பண்டிகைக்கு வாழ்த்துச் செய்தி அனுப்புவார். நான் பார்ப்பேன், பதில் போடுவதில்லை.

அவரிடம் அன்றைக்கு வாயைத் திறந்திருக்க வேண்டாமே என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். நானும் நினைத்திருக்கிறேன். எண்ணிச் சொல்ல முடியாத தடவை.

அன்றைக்குப் பத்தரை மணிக்கே வீட்டுக்குத் திரும்ப முத்தையாபுரம் பேருந்தில் ஏறிவிட்டேன். உட்கார இடம் இல்லை. மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்த எங்கள் தெருக்காரர் திரும்பிப் பார்த்தார். உப்பு லாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறவர். ஊர்ச் செய்தி ஒன்றையும் விடாதவர். "என்ன அண்ணாச்சி, இம்புட்டுச் சீக்கிரம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார்.

பேருந்து முழுக்கத் தெரிந்த முகங்கள். எல்லோரும் என் வாயையே பார்க்கிறமாதிரி இருந்தது. அடுத்த நிறுத்தம் வந்துகொண்டிருந்தது.

"வேலைய விட்டு அனுப்பிட்டாங்க" என்றேன். எனக்கே அது உரக்கக் கேட்டது.

அவர் மடியிலிருந்த பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து இடம் பண்ணினார். உப்பளத்து எடைமேடையில் ஆள் இல்லாமல் முதலாளி நேற்றுத்தான் புலம்பிக்கொண்டிருந்தார், இறங்கியதும் நேரே போவோமா என்று கேட்டார்.

கம்பியைப் பிடித்தபடி என் கை அப்போதும் உயர்ந்தே இருந்தது. இறக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.